கணவாயைக் கடந்த கிடாக்கள்

பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபியல் துறையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கணவாய்'. "கணவாய் வர்றாங்க" என்று யாராவது கிசுகிசுத்தால் ஆய்வுக்கூடத்தில் அரட்டை அடங்கிவிடும். அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

மலையும் ஆறும் பாதையும் ஆடுகளின் பரம்பரையை எப்படிப் பிரிக்கின்றன, எப்படிச் சேர்க்கின்றன என்பது அவள் ஆராய்ச்சி. ஒரு மலை. இந்தப் பக்கம் சிவப்பும் இல்லாத கருப்பும் இல்லாத பழுப்பு நிறக் குட்டைக் காது வெள்ளாடு, அந்தப் பக்கம் தொங்கு காதுக் கருப்பு. ஆனாலும் அந்தப் பக்கத்து ஆட்டு ரத்தத்தில் இந்தப் பக்கத்து மரபணு இருந்தது. நடுவே இருக்கும் கணவாய் வழியாக ஆடுகள் காலங்காலமாகக் கலந்து வந்திருக்கின்றன என்று அவள் நிறுவினாள். பாடப்புத்தகத்தில் ஏறிய கண்டுபிடிப்பு. அவள் பெயர் சொல்ல இருந்தது அது ஒன்றுதான்.

அப்போது துறையில் ஜீப் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. வங்கியில் வேலை பார்த்த கணவர், இருக்கிற விடுப்பையெல்லாம் போட்டுவிட்டு ஓட்ட வந்தார். அவள் ஊசியும் கையுமாக ஆடுகளோடு மல்லுக்கட்டுவாள். அவர் ஆட்டுக்காரர்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். வாயைத் திறந்தால் மூட மாட்டார். வந்த கொஞ்ச நேரத்தில் மாமன் மச்சான் ஆகிவிடுவார். சாயங்காலம் இந்தப் பக்கத்து வேலை முடிந்து மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பும்போது, ரத்தக் குப்பிகள் அடுக்கிய ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சாய்வாள். ஜீப் கிளம்பியதும் அடித்துப்போட்டது போல் தூக்கம். வழி நெடுக அவர் தொண்டை கிழியப் பாடுவது அரைகுறையாகக் காதில் விழும். சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. ஜீப்புக்குள் ஆட்டு வாடை தாங்காது. அவள் துணியிலும் அதே வாடைதான் என்பதால் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். அப்போது அது தெரியாமல் போயிற்று.

கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். அவளுடைய பழைய மாணவிதான் இப்போது துறைத் தலைவி. கணவாய்க் கண்டுபிடிப்புக்காக ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்தவள், அதற்குச் சில நாள் முன்பு வீட்டுக்கு வந்தாள்.

"மேடம், விழாவுக்கு வரைபடம் போடலாம்னு நீங்க எடுத்த பழைய ஆட்டு ரத்தத்தை எல்லாம் புது முறையில சோதிச்சுப் பார்த்தோம்."

"சரி, அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"கலப்பு இருக்கு மேடம். ஆனா பழசு இல்ல. எத்தனை தலைமுறைக்கு முன்னாடி கலந்துச்சுன்னு இப்ப கண்டுபிடிச்சிடலாம். நீங்க அங்க போக ஆரம்பிச்ச பிறகுதான் கலந்திருக்கு. அதுவும் நீங்க அடிக்கடி ஜீப்பை நிறுத்துன ஊர்ல மட்டும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில் எல்லா வருடத்து ரத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் கணக்குப் போட்டாள். கலப்பு பழசா புதுசா என்று பிரித்துப் பார்க்க அப்போது வழி இருக்கவில்லை. மாணவி போனதும், மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மந்தை வைத்திருக்கும் பழைய ஆட்டுக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் உங்களுக்கு ஆடு ஏதாவது கொண்டாந்து குடுத்தாராண்ணே?"

"ஒண்ணா ரெண்டா? எங்க மந்தை எல்லாம் ஒரே ரத்தமாப் போயி, பொறக்குற குட்டி தங்கல. அவர்கிட்ட சும்மா பொலம்புனேன். அடுத்த தடவை சாக்குல ஒரு கிடாக்குட்டியோட வந்து நிக்கிறாரு. அப்புறம் மத்த ஊர்க்காரங்களும் கேட்டாங்க. ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

"நானும் அதே ஜீப்புலதானே இருந்தேன்?"

"நீங்க தூங்குவீங்களாமே. குட்டி கத்துறது கேக்கக் கூடாதுன்னு பாடிட்டே வருவாராம். தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்னு பயம்மா அவருக்கு."

ஃபோனை வைத்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாள் உழைப்பை, பக்கத்தில் உட்கார்ந்தபடியே குட்டிச்சுவராக்கிவிட்டார் மனிதர். திட்டுவதற்கு ஆள் இல்லையே என்பதில் கோபம் இன்னும் ஏறியது.

"விழா முடியட்டும் மேடம். அப்புறம் மெதுவா வெளியிட்டுக்கலாம்" என்றாள் மாணவி, மறுநாள் ஃபோனில். சரி என்ற வார்த்தை அவள் நுனிநாக்கு வரை வந்தது. முப்பது வருடப் பெயர் அல்லவா? பதில் சொல்லாமலேயே விழாவுக்குப் போனாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. திரையில் அவளுடைய வரைபடம், அதில் கணவாய் வழியே ஒரு சிவப்புக் கோடு. மைக் முன்னால் நின்று அதைப் பார்த்தாள்.

"இந்தக் கோடு தப்பு" என்றாள். "இந்த வழியா ஆடு நடந்து போகல. என் வீட்டுக்காரர் சாக்குல கட்டி ஜீப்புல எடுத்துட்டுப் போனார். நான் பக்கத்துலயே தூங்கிட்டிருந்தேன்."

மானம் கப்பலேறிவிட்டது என்றே நினைத்தாள். பின் வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன் வரிசை வரை வந்துவிட்டது. அவள் சாக்கைப் பற்றிச் சொன்னாள், பாட்டைப் பற்றிச் சொன்னாள். துறைத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கணவர் போனதிலிருந்து, அவர் பேச்சை எடுத்தாலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அன்றுதான் அவரைச் சொல்லி ஒரு கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓயப்போவது தெரிந்ததும், அடுத்த கிடாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.