பதினொரு வயது என்று சொன்னேன்

கண்டி டவுனில் ஒரு பொம்பளை கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர் வாங்கப் போனால் அவளுக்கு ஒரு மகன் இருந்தே ஆக வேண்டும். இது யார் போட்ட சட்டமோ தெரியவில்லை. மூன்று கடை ஏறினேன். மூன்றிலும் முதல் கேள்வி இதுதான்: "மகனுக்கா?"

எனக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. கையில் பிடித்து விளையாடும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் எனக்கே எனக்காக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சின்ன வயதில் மஹய்யாவவில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் டீவியில் செருகும் கேசட் கேம் இருந்தது. பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் எனக்கு முறை. முறை வருவதற்குள் கரண்ட் போய்விடும். அந்தப் பழைய கேம்களும் ஓட வேண்டும், இப்போது வருகிற பெரிய கேம்களும் ஓட வேண்டும். மாதக்கணக்கில் தேடிப் படித்தேன். திரை பெரிதாக இருக்க வேண்டும், என் கண் அப்படி. பெட்டரி பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரையாவது நிற்க வேண்டும். ஒஃபிசில் தட்டித் தட்டி நொந்த பெருவிரல்களுக்குக் குமிழ்கள் இறுக்கமாக இருக்கக் கூடாது.

முதல் கடையில், "இல்லை, எனக்கு" என்றேன். விற்பனையாளர் சிரித்தார். அதன்பிறகு நான் கேட்டதற்கெல்லாம் கூட வந்திருந்த என் கணவரின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். என் கணவருக்கோ போனில் அலாரம் வைக்கவே நான் வேண்டும். இரண்டாவது கடையில் பெட்டியைத் திறந்து காட்டவே இல்லை. "இது லேசுப்பட்ட சாமான் இல்ல மிஸ்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது கடைக்குத் தனியாகப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட. முதலாளி மடவளை ஊர் முஸ்லிம், எல்லாருக்கும் அண்ணன் முறையில் 'நானா', மரியாதையான மனிதர். அவரும் கேட்டார்: "மகனுக்கா தங்கச்சி?"

அலுத்துவிட்டது. "ஆமா நானா" என்றேன்.

அவ்வளவுதான். உட்காரக் கதிரை வந்தது. நாலு பெட்டி திறந்து மேசைக்கு வந்தது. "புள்ளைக்கி எத்தின வயசு?"

"பதினொண்ணு."

யோசிக்காமல் வந்த பதில். சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த அந்த வருடத்திலிருந்து எண்ணினால் பதினொன்று. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு விளையாட்டுச் சாமானுக்காக அவனைக் கூட்டிவந்து கடையில் நிறுத்திவிட்டேனே!

நானா மும்முரமாகிவிட்டார். நான் மனதில் வைத்திருந்த பெரியதை ஒதுக்கி, சின்னது ஒன்றை எடுத்தார். "இது பாரமில்ல. சின்னக் கைக்குச் சரியா ஈக்கும். பழைய கேமெல்லாம் ஓடும். புதுசு ஓடாது, பரவால்ல, படிக்கிற புள்ளதானே." அதோடு விட்டாரா? ஆன் செய்து, பெயர் போடுகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "மகன்ட பேரென்ன?"

பெயர் இருந்தது. நானும் என் கணவரும் மட்டும் அறிந்த பெயர்.

"மகன் இல்ல நானா." கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். "எனக்குத்தான் வாங்குறேன். எனக்குன்னு சொன்னா ஒருத்தரும் எடுத்துக் காட்ட மாட்டேங்கிறாங்க. அதான் பொய் சொன்னேன்."

அவர் சின்னதை மூடிப் பெட்டியில் வைத்தார். பெரியதை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப கைல எடுத்துப் பாருங்க தங்கச்சி."

எடுத்தேன். பாரம்தான். ஆனால் பெருவிரல்கள் இரண்டும் தங்கள் இடத்தில் சுகமாக உட்கார்ந்தன. நானே ஆன் செய்தேன். அதுவும் பெயர் கேட்டது. விரல் முதலில் தொட்டது அவனுடைய முதலெழுத்தை.

அதை அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன்.