ஒரு 'எஸ்' எந்த வரியில்?

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து கோக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் ஆபீசுக்கு மின்னஞ்சல் புதிதாக வந்திருந்த நேரம். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது ஹாலந்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. வேண்டியவர்களின் பிறந்தநாளைக் குறித்துவைக்கும் காலண்டர். ஒல்லியாக, நீளமாக இருக்கும். அட்டையில் ஒரே ஒரு வார்த்தைதான். அது என் உயிரை எடுத்துவிட்டது.

டச்சுக்காரர்கள் 'பிறந்தநாள்' என்பதையும் 'காலண்டர்' என்பதையும் ஒட்டி, நடுவில் ஓர் 'எஸ்' செருகி ஒரே வார்த்தையாக்கிவிடுகிறார்கள்: வெர்யார்தாஹ்ஸ்கலெண்டர். அட்டையின் அகலத்துக்குள் அது அடங்கவில்லை. கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு அதை இரண்டு வரியாக ஒடித்தது. மாதிரியை மின்னஞ்சலில் அனுப்பினேன். தப்பு என்று பதில் வந்தது. நான் 'எஸ்'ஸைக் கீழ்வரிக்குத் தள்ளி 'ஸ்கலெண்டர்' ஆக்கினேன். 'ஸ்கூல்' இருக்கும்போது இது ஏன் கூடாது? அதுவும் திரும்பி வந்தது. எது சரி என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

"ஏம்மா, ஒத்த வார்த்தைய ஒடைக்க இம்புட்டு நேரமா? மிஷின் சும்மா நிக்குது," என்றார் முதலாளி.

"எங்கன ஒடைக்கணும்னு அவுகளயே கேளுங்க அண்ணாச்சி!"

அவர் போனைப் போட்டு என் கையில் திணித்தார். மறுமுனையில் ஆர்டர் கொடுத்த டச்சு அம்மா. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"சொல்லும்போதே காதில் விழுமே!" என்றார் அவர்.

எனக்கு ஒன்றும் விழவில்லை. ஒரே மூச்சில் சொன்னால் எப்படி விழும்? எரிச்சலை அடக்கிக்கொண்டு, "காலண்டர் மட்டும் சொல்லுங்கள்," என்றேன்.

"கலெண்டர்." 'லெ'யில் அழுத்தம். திரும்ப முழுவதும் சொன்னபோது 'யார்' ஓங்கி ஒலித்தது, 'லெ' அடங்கிப்போனது. 'எஸ்' முதல் பாதியின் வாலாகவே முடிந்தது; அதற்குப் பிறகுதான் 'க'. வாழைப்பழத்தை வரி ஓரத்தில் பிரித்தால் 'ப்' வாழையோடுதானே நிற்கும்! இதை ஆரம்பத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

'எஸ்'ஸை மேல்வரியில் விட்டுப் படித்துக் காட்டினேன். சரி என்றார். போனை வைக்கும்முன், "எங்கள் வீடுகளில் இதைக் கழிப்பறையில்தான் மாட்டுவோம்," என்று சந்தோஷமாகச் சொன்னார்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"கக்கூஸ்லயா? உள்ள சாமி படம் எதுவும் இல்லயே?"

"இல்ல அண்ணாச்சி. எல்லாம் பூதான்."

"அப்பச் சரி. அச்சுப் பிளேட்டப் போடச் சொல்லு."