ஜெயந்தியின் ‘ஈரத் தெரு’

கல்கத்தாவில், டாக்குரியா சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெயந்தியின் மகள் மிதாலி. “மா சோலே கேச்சே, மாமா” என்றாள். பதற்றத்தில் அவளுக்கு வங்காளம்தான் வரும். பிறகு தமிழில், “அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே” என்றாள். மீனை அங்கேயே விட்டுவிட்டுப் பாலிகஞ்சில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

உங்களில் பலருக்கு ஜெயந்தியை வங்கி அதிகாரியாகத்தான் தெரியும். எண்பதுகளில் அவள் சிந்தசைசர் வாசித்தவள். கல்லூரி முடித்த கையோடு அவளும் நானும் எங்கள் நண்பன் தபனும் சேர்ந்து ‘ஈரத் தெரு’ என்று ஒரு தமிழ்ப் பாட்டுக் கேசட் போட்டோம். எழுதிப் பாடியது நான். தபன் பேஸ் கிடார். மெட்டும் மற்ற எல்லாச் சத்தமும் ஜெயந்தி. அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிந்தசைசரும் ஒரு டிரம் மெஷினும்தான் அவளுடைய மொத்த வாத்தியக் குழு.

ஒலிப்பதிவு ஹவுராவில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. முதல் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டதுமே கூடத்தின் உரிமையாளர் முகம் சுளித்தார். இந்த ‘டிக் டிக்’கை எடுத்துவிட்டு ஒரு தபலாக்காரரைக் கூப்பிடுங்கள், பாட்டுக்கு உயிர் வரும் என்றார். தபனும் நானும் தலையாட்டத் தயாராகிவிட்டோம். ஜெயந்தி ஹெட்போனை அவரிடம் நீட்டி, வங்காளத்திலேயே சொன்னாள்: “முழுசாகக் கேளுங்கள் அண்ணா. அப்புறமும் வேண்டுமென்றால் தபலாக்காரரை நானே கூட்டிவருகிறேன்.” அவர் கேட்டார். முடிந்ததும் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டார்.

கடைசிப் பாட்டின்போது மின்சாரம் போனது. அன்றைய கல்கத்தாவில் அது தினப்படி. திரும்பி வந்தபோது, அவள் வெகுநேரம் தேடிப் பிடித்து வைத்திருந்த ஒலி சிந்தசைசரில் இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“ஒரு தடவை கண்டுபிடிச்சவளுக்கு இன்னொரு தடவை முடியாதாடா?” என்று குமிழ்களைத் திருகத் தொடங்கினாள். கிடைத்தது பழைய ஒலி அல்ல. ஆற்றில் தொலைவில் போகும் படகின் ஊதல்போல ஒன்று. அதை விடவே மாட்டேன் என்றாள். மின்னழுத்தம் குறைந்திருந்ததால் ஓரிடத்தில் சுருதி லேசாகச் சரியும்.

கேசட் அதிகம் விற்கவில்லை. தபன் கனடா போனான்; நாங்கள் இருவரும் வேலைக்குப் போனோம். சென்ற ஆண்டு, இங்கே ஐடி வேலைக்கு வந்திருக்கும் கார்த்திக் என்ற இளைஞர் அதை எங்கேயோ கேட்டுவிட்டு, இணையத்தில் வெளியிடலாமா என்று தேடி வந்தார். ஜெயந்தியின் வீட்டில் மூவரும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டோம்.

“ஆன்ட்டி, கடைசிப் பாட்டுல மட்டும் சுருதியை கரெக்ட் பண்ணிடவா?”

“வேண்டாம்ப்பா. அது அன்னிக்கு வந்த கரண்ட். அதுவும் பாட்டுலதான் இருக்கு.” பிறகு என்னைப் பார்த்தாள். “மூணாவது பாட்டுதான் சவசவன்னு இழுக்குது. உன் வரியும் சுமார், என் மெட்டும் சுமார்.” உண்மைதான்.

வெளியீட்டுக்கு ஒரு சிறு கூட்டம் வைத்தோம். நான் மைக்கைப் பிடித்து, “ஏதோ சின்ன வயசுல விளையாட்டா செஞ்சது, பொறுத்துக்கணும்” என்று தொடங்கினேன். ஜெயந்தி எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“சின்ன வயசுதான். விளையாட்டு இல்ல. நாங்க நல்லா செஞ்சோம். கேளுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முகம் சிவந்தது. பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தகனம் முடிந்த மறுநாள் மாலை வீடு நிறைய மனிதர்கள். மிதாலி அந்தக் கடைசிப் பாட்டை ஒலிக்கவிட்டாள். ஜெயந்தியோடு வங்கியில் வேலை பார்த்த ஒருவர் என் பக்கம் குனிந்து, “இது யார் பாட்டு சார்?” என்று கேட்டார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் ‘ஏதோ’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஜெயந்தியிடமிருந்து நான் பெற்றுக்கொண்டது, அதை விழுங்கும் துணிச்சல்.

“எங்களோடது. ரொம்ப நல்லா இருக்கும், கேளுங்க” என்றேன்.