சேவுக்கடை முக்காலி

பழங்காநத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கடையிலிருந்து காராச்சேவு பொரிகிற வாசனை வந்தது. பூண்டும் மிளகும் எண்ணெயில் முறுகுகிற அதே வாசனை.

மாமாவின் சேவுக்கடையும் இந்தத் தெருவில்தான் இருந்தது. நான் மூணாப்போடு படிப்பை நிறுத்தியவன். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் கடைவாசலில் முக்காலி போட்டு என்னை உட்கார வைப்பார். காகிதம் நிறையச் சேவு தருவார். எதிர்ப் பொட்டலில் அவர் மகன்கள் கபடி ஆடுவார்கள். நான் எழுந்தால் விடமாட்டார்.

"ஓடுனா எளைச்சிருவ மாப்ள. உக்காந்து தின்னு."

அப்பா இல்லாத பிள்ளை மேல் இத்தனை பாசமா என்று பூரித்துப்போவேன்.

ஒருநாள் அவருக்குத் தெரியாமல் பொட்டலுக்கு ஓடினேன். பாதியிலேயே மூச்சு முட்டியது.

"ஒதுங்குங்கடா, சேவு மூட்டை உருண்டு வருது!" என்று கத்தினான் மாமாவின் மூத்த மகன்.

அழுதபடி திரும்பினேன். உள்ளே, சேவு பிழிகிறவரிடம் மாமா பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம பயலுகளுக்கு இம்புட்டு எண்ணெப் பலகாரம் குடுத்துராதீக, ஊதிப் போவானுக. இவன் கொழுகொழுன்னு வாசல்ல உக்காந்தாத்தாண்ணே நமக்கு யாவாரம்."

மறுநாளும் முக்காலி போட்டார். வேறு போக்கிடம் இல்லை, உட்கார்ந்தேன்.

"உக்காருங்கய்யா, ருசி பாருங்க." இப்போது பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்காரத் தம்பி ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

பஸ் வரும்வரை நிற்கவில்லை. நடக்க ஆரம்பித்தேன்.