முழங்கை உயரம்

பம்பு கம்பெனியில் அவருடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஃபிட்டர் என்றால் வாட்ச்மேனே வழி காட்டுவார். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். அவர் படித்த பள்ளியில் அறிவியல் சோதனை என்றால் வாத்தியார் தம் மேசையில் எதையோ ஊற்றுவார். பின்பெஞ்சுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

மகளாவது எட்டிப் பார்க்கும் கூட்டத்தில் சேரக்கூடாது. அதற்காகவே தெருவிலிருந்த நாலைந்து பெற்றோரோடு சேர்ந்து, மூடிக் கிடந்த அச்சகக் கொட்டகையில், அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து படிக்கும் பள்ளி ஒன்றுக்காக நாயாய் அலைந்தார். வேலை முடிந்து வந்து நர்ஸ் சுவருக்கு வெள்ளையடித்தார், எலக்ட்ரீஷியன் வயர் இழுத்தார். இரும்பு மேசைகள் ஃபிட்டர் பொறுப்பு. கல்வித்துறை அதிகாரி பார்த்து அனுமதி தரவேண்டும். ஆறாம் வகுப்பில் மட்டும்தான் சேர்க்கை. இந்த வருஷம் நழுவினால், ஐந்தாவது முடித்த மகளுக்கு இடமில்லை.

அதிகாரி வரும் நாள் காலையில் மகளை மேசை முன்னால் நிறுத்தினார். கழுத்துக்கு மேலேதான் தெரிந்தாள். குடுவைக்குள் பார்க்கக் குதிகாலைத் தூக்கி எட்டினாள்.

பட்டறையில் மேசை என்றால் நிற்பவர் முழங்கை உயரம். பழக்கதோஷத்தில் தம் முழங்கையையே அளவாக வைத்து அத்தனையையும் பற்றவைத்திருந்தார்.

“பிள்ளைங்க தலை மட்டும் படிச்சா போதும்னு விட்டுட்டாரோ?” என்றார் நர்ஸ்.

“ஆளுக்கொரு ஸ்டூல் போட்டுடலாம் அண்ணே” என்றார் எலக்ட்ரீஷியன்.

“ஸ்டூல் மேல நின்னு ஆசிட்டைப் பிடிக்கவா? உன் வயரைப் பாருய்யா” என்றார் ஃபிட்டர்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “ஏங்க, இந்தப் பள்ளிக்கூடம் யாருக்கு? இவளுக்கா, உங்களுக்கா?”

அவர் மேசைக் கால்களை அறுத்துக் குறைக்கக் கிரைண்டரை எடுத்தார்.

தீப்பொறிக்கு நடுவில்தான் அதிகாரி அம்மா வந்து நின்றார். பாதி மேசைகள் குட்டை, பாதி நெட்டை.

“இதைப் போய் தயார்னு எப்படிங்க எழுதுவேன்? திங்கட்கிழமை திரும்பி வரேன். அப்பவும் இப்படியே இருந்தா இந்த வருஷம் விட்டுடுங்க.”

வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தவருக்கு உட்கார்ந்தால் எழ முடியாது என்று தோன்றியது. உட்காராமலே அடுத்த மேசையை இழுத்தார். மகளைப் பக்கத்தில் நிற்கவைத்து, அவள் முழங்கைக்கு நேராக மேசைக் காலில் சாக்பீஸ் கோடு போட்டார்.

“அப்பா, அதுக்குள்ள நான் வளர்ந்துட்டா?”

“திங்கட்கிழமை வரைக்கும் வளராம இரும்மா” என்றார், கிரைண்டரை மறுபடி போட்டபடி.