அதிகம் ஓடாத புரொஜெக்டர்

அக்காவின் புகுந்த வீட்டார் விழுப்புரத்திலிருந்து சீர்ச் சாமான்களைத் திருப்பி அனுப்பிய நாளில், எங்கள் திண்டிவனம் வீட்டு வாசலில் நின்ற மினி லாரியிலிருந்து கடைசியாக இறங்கியது புரொஜெக்டர். கட்டிலின் கால் உடைந்திருந்தது. பீரோ முழுக்கக் கீறல். இது மட்டும் வாங்கிய அட்டைப்பெட்டிக்குள், தெர்மோகோல்கூட நொறுங்காமல் வந்து சேர்ந்தது.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மாப்பிள்ளை கேட்ட பொருள் அது. ஹாலில் பெரிய வெள்ளைச் சுவர் இருக்கிறது, தியேட்டர் மாதிரி படம் பார்க்கலாம் என்றாராம். அப்பா மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை நாலைந்து படம் பார்த்திருப்பார். பகலில் மங்கலாகத் தெரிகிறது என்று மூலையில் போட்டுவிட்டு, அடுத்ததாகக் கார் கேட்டார். அது கிடைக்காதபோது அக்கா மேல் கை நீள ஆரம்பித்தது. அக்கா திரும்பி வந்தாள். பிறகு விவாகரத்தும் ஆயிற்று.

“மொதல்ல இத்தத் தள்ளி வுடணும்” என்றாள் அக்கா. துடைத்து, படம் எடுத்து, பழைய பொருள் விற்கும் ஆப்பில் போட்டாள். ‘அதிகம் ஓடாதது, பெட்டியுடன்’ என்று அவளே எழுதினாள்.

ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். நிலத்தில் விளைந்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, விற்ற கையோடு வந்ததாகச் சொன்னார். ஜன்னல்களை மூடி, சுவரில் படத்தை ஓடவிட்டாள் அக்கா. அவரோ சுவரைப் பார்க்கவேயில்லை. பெட்டியைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொட்டி புதுசாட்டம் கீதே. நல்லதாப் போச்சு.”

“வூட்ல படம் பாக்கவாங்க?” என்றாள் அக்கா.

“எங்களுக்கு இன்னாத்துக்கும்மா இது? பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிக்கீறோம். மாப்ள ஆசப்பட்டுக் கேட்டுட்டாரு. புதுசு வாங்கக் கட்டுப்படியாவல. பாத்தா புதுசாத் தெரியணும், அவ்ளோதான்.”

அக்கா புரொஜெக்டரை அணைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

“தப்பா நெனைக்காதீங்க. இதுவும் அப்டிக் கேட்டு வாங்கனதுதான். தாலி கட்டறதுக்கு முன்னாடியே கேக்கறவரு, அப்புறமும் கேட்டுக்கினேதான் இருப்பாரு. பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசிப் பாருங்க.”

அவர் முகம் மாறியது. புரிந்துகொண்டார் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். பெட்டியைச் சட்டென்று கீழே வைத்து, தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“புருசன அத்துக்கினு வந்த பொண்ணோட சாமானா இது? மொதல்லயே சொல்ல வேணாமா? நல்ல காரியத்துக்குப் போற பொருளு!”

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். வேறு எங்காவது ஒன்று வாங்கியிருப்பார். அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. கோர்ட்டுக்கு அக்காவுடன் அலைந்தவர் அவர்தான். ஆனால் நடந்ததை இன்னொருவர் காதில் விழும்படி சொல்ல மட்டும் அவரால் முடியவில்லை. அன்று மாலை விஷயம் தெரிந்ததும் கத்தினார். “வந்த ஆள வாயாலயே தொரத்திட்டியே! இனிமே யாராவது வந்தா நீ உள்ள இரு. நான் பேசிக்கறேன்.”

அடுத்து ஒரு இளைஞர் வந்தபோது அக்காவும் நானும் உள்ளறையில் இருந்தோம். ஏன் விற்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

“பையனுக்கு வெளிநாட்ல வேல கெடச்சிருச்சு. அதான் குடுக்கறோம்” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் பையனே கிடையாது. நாங்கள் இரண்டு பெண்கள்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை. புரொஜெக்டர் போய்விட்டது. கொஞ்ச நாளில் அவளும் வெளியூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் வேலை தேடிக்கொண்டு, லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

சென்ற வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்காவை அன்று வரவேண்டாம் என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்கள், எதுவும் கேட்கவில்லை. பேச்சு முடிந்து எழப்போன நேரத்தில், அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்து தாமாகவே கேட்டார்:

“மாப்ளைக்கு ஆசன்னு ஏதாச்சும் இருந்தா, கூச்சப்படாம சொல்லிடச் சொல்லுங்க.”

அவர்கள் போனதும் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். இரவு அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். 

“அப்பா இன்னா சொன்னாரு?” என்றாள்.

“ஒண்ணுமே கேக்காத எடத்த வுட்டுட்டியேன்னு அழுவறாரு.”