சம்பந்தி தூக்கிய பெட்டி

நாரின் என்ற மலை ஊரில் கல்யாணம் காட்சிகளுக்குக் கிட்டார் வாசிக்கும் ஜுமாதிலின் கிட்டார் நாலு கிலோ. அந்தக் கிட்டாரை ஊர் கேட்கச் செய்யும் ஆம்ப்ளிஃபயர் அறுபத்திரண்டு கிலோ. இந்தக் கணக்கு சரியில்லை என்று யாருக்கும் தோன்றியதில்லை. சோவியத் காலத்தில் கலாசார மன்றத்துக்காக வந்த பெட்டி அது. மன்றத்தை மூடியபோது டைரக்டர் அறையிலிருந்து தூக்கி வந்தார்கள். அதனால் அதற்கு டைரக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயருக்கு ஏற்றபடி சூடாக ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும், அதுவரை ஒரு வேலையும் செய்யாது.

டைரக்டருக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடி. இடது கைப்பிடி ஜுமாதிலுக்கு. வலது கைப்பிடி, இருபத்திரண்டு வருஷமாக, கல்முர்சாவுக்கு.

கல்முர்சாவுக்கு வாசிக்கத் தெரியாது, பாடவும் தெரியாது. தோலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெட்டியை இறக்கி வைத்ததும் அதற்கு இடது பக்கமாகக் கைகட்டி நின்றுகொள்வார். சத்தம் அதிகமானால் ஒரு விரலைக் கீழே காட்டுவார், குறைந்தால் மேலே. பெட்டி கரகரத்தால் அதன் முதுகில் ஒரு தட்டு. எங்கே தட்டவேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். சாப்பாடு வந்தால் பாட்டுக் குழுவோடு கதவோரம் உட்கார்ந்து, பாடகி புருல்சாவைக் கிண்டல் செய்துகொண்டே சாப்பிடுவார். மனைவி இறந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்தக் கதவோரங்களில்தான்.

போன இலையுதிர் காலத்தில் ஜுமாதிலின் மகனுக்கும் கல்முர்சாவின் மகளுக்கும் கல்யாணம் ஆனது. முறைப்படி ஒருவர் வாயில் ஒருவர் ஆட்டு ஈரலும் வால்கொழுப்பும் ஊட்டினார்கள். அந்த ஒரு வாய் கொழுப்பை விழுங்கிய நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் சம்பந்திகள். நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவனை இனி "வாங்க, போங்க" என்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் சம்பந்தி வந்தால் செருப்பைக்கூட வீட்டுக்காரர்தான் எடுத்து வைப்பார்.

கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம், ஒரு மண்டப வாசலில், சம்பந்திகள் இரண்டு பேரும் டைரக்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பனிப்படியில் ஏற்றினார்கள். அதை ஊரே பார்த்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் செய்திக்குக் கண் காது மூக்கு வைத்தாகிவிட்டது. பெண் கொடுத்தவனை ஜுமாதில் கூலி வேலை வாங்குகிறானாம். கூலிகூடக் கொடுப்பதில்லையாம்.

ஜுமாதிலின் மனைவி அனார்கான் தேநீர்க் கிண்ணத்தை அவர் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"சந்தையில நாலு பேரு கேக்குறாங்க. மூஞ்ச எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? மருமக காதுல விழுந்தா அவ என்ன நெனைப்பா?"

"அவன் இருபத்திரெண்டு வருஷமா தூக்கறான்."

"அவனா? அவர்! சம்பந்தி!"

"சரி, அவர். அவர் இருபத்திரெண்டு வருஷமா தூக்கறார். இடுப்புப் பிடிச்சாகூட விடமாட்டார்."

"இனிமே தூக்கமாட்டார். ஒத்த ஆளு தூக்கற மாதிரி சின்னப் பெட்டி வந்திருக்காமே. போய் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா கிட்டார வித்துட்டு ஆடு மேய்க்கப் போங்க."

அனார்கான் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இதைக் கல்முர்சாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் ஜுமாதிலுக்குப் பிடிபடவில்லை. மகளும் போன பிறகு கல்முர்சா வீட்டில் பேச ஆளில்லை. வானொலியும் ஒரு நாயும்தான். வாரத்துக்கு ஒரு விசேஷம் இருப்பதால்தான் மனுஷர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அந்தக் கைப்பிடியைப் பிடுங்கிவிட்டால் பிறகு என்ன காரணம் சொல்லி அவரைக் கூட்டிப்போவது? சொல்ல ஜுமாதிலுக்குப் பயமாகவே இருந்தது. அதனால் உலகத்திலேயே மோசமான வழியைத் தேர்ந்தெடுத்தார். பெட்டி வாங்கக் கல்முர்சாவையே தலைநகர் பிஷ்கேக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. தன் சத்தம் எப்படி இருக்கிறது என்று ஜுமாதிலுக்குச் சொந்தமாகத் தெரியாது. அது கல்முர்சாவின் விரலுக்குத்தான் தெரியும்.

கடைக்காரி நாற்பது வயதுப் பெண். இரண்டு கிழவர்களையும் பார்த்து, பேரனுக்கா என்று கேட்டாள். இல்லை என்றதும் அவள் முகம் ஒரு சுற்று மரியாதையானது. சின்னச் சின்னப் பெட்டிகளாகத் தரையில் வரிசையாக வைத்தாள். ஜுமாதில் ஒவ்வொன்றிலும் கிட்டாரைச் செருகி அதே பாட்டின் அதே நாலு அடியை வாசித்தார். கல்முர்சா கடையின் மறுகோடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொசு" என்றார் முதலாவதற்கு.

இரண்டாவதற்கு, "வாளிக்குள்ள தலைய விட்டுப் பாடறான்."

மூன்றாவது பதினெட்டு கிலோ. சத்தம் நன்றாகவே இருந்தது. கல்முர்சா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கு அந்த டைரக்டரே தேவலாம்."

நாலாவது ஆறரை கிலோ. ரொட்டிப் பெட்டி அளவுதான். கரண்டு இல்லாவிட்டாலும் பேட்டரியில் ஆறு மணி நேரம் ஓடும் என்றாள். ஜுமாதில் தந்தியைத் தொட்டார். கடையில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். கல்முர்சா சுவரிலிருந்து திரும்பினார். பிறகு வந்து குனிந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல ஒரு கைப்பிடிதான் இருக்கு."

"ஒண்ணு போதுங்க ஐயா" என்றாள் கடைக்காரி. "ஆறரை கிலோதான. ஒரு கையில தூக்கிட்டுப் போயிடலாம்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் கல்முர்சா.

ஜுமாதிலுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து இந்த மனுஷர் பெட்டிகளைக் குறை சொல்லிக்கொண்டு இல்லை. தன் வேலையை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஜுமாதில் கிட்டாரின் வயரைப் பிடுங்கினார். சரி, எதுவும் வேண்டாம், போகலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

கல்முர்சா முந்திக்கொண்டார். "இதத்தான் வாங்கணும். உங்க பழைய பெட்டியில வராத சுருதியெல்லாம் இதுல கேக்குது. நான் வேணாம்னு பொய் சொல்லலாம். சொல்லமாட்டேன். வாங்குங்க."

வாங்கினார்கள்.

திரும்பும் வேனில் நாரின்காரர்கள் ஒன்பது பேர். அதில் ஒருத்தி அனார்கானின் சித்தி மகள். பெட்டி ஜுமாதிலின் மடியில் இருந்தது. கொச்கோர் ஊர் தாண்டியதும் கல்முர்சா கையை நீட்டினார்.

"குடுங்க, கொஞ்ச நேரம் நான் வச்சுக்கறேன்."

சித்தி மகள் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, வேணாம் சம்பந்தி. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார் ஜுமாதில்.

கல்முர்சா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தான் முப்பது வருஷம் பனி தள்ளிய கணவாயை ஏதோ புது ஊரைப் பார்ப்பதுபோல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த இரண்டு விசேஷங்களுக்கு அவர் வரவில்லை. ஒன்றுக்கு முழங்கால் வலி என்றார். இன்னொன்றுக்கு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றார். ஜுமாதில் ஒற்றைக் கையில் பெட்டியைத் தூக்கிப் போனார், வாசித்தார், வந்தார். முதல் ஊரில் காது கிழிகிறது என்றார்கள். இரண்டாவது ஊரில் வாசிக்க ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்டார்கள். புருல்சா பாட்டை நிறுத்தி, "ஜுமாதில் அண்ணே, தூங்கறீங்களா?" என்று மைக்கிலேயே கேட்டாள்.

அதற்கடுத்து அத்பாஷி என்ற ஊரில் ஒரு விசேஷம். குழந்தை நடக்கத் தொடங்கினால் காலில் நூல் கட்டி அறுப்போமே, அதுதான். விசேஷ வீட்டுக்காரருக்கு அனார்கானே போன் செய்தாள். சம்பந்தியைத் தனியாக, முறையாக அழைக்கச் சொன்னாள். மனுஷர் வீட்டோடு அடைந்து கிடக்கிறாரே என்று அவளுக்கும் மனசு அடித்துக்கொண்டது. அவளுக்குத் தெரிந்த மருந்து மரியாதை ஒன்றுதான். அதையே அள்ளிக் கொடுத்தாள்.

அழைத்தால் போகாமல் இருக்க முடியாது. கல்முர்சா புது அங்கியும் வெள்ளைத் தொப்பியுமாக வந்தார். வாசலிலேயே அவரை இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, கதவுக்கு நேர் எதிரே பெரியவர்கள் வரிசையில் நட்டநடுவில் உட்காரவைத்தார்கள். வலது பக்கம் இருந்தவருக்குக் காது கேட்காது. இடது பக்கம் இருந்தவர் தன் பித்தப்பை ஆபரேஷனை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கல்முர்சா பல் பிடுங்க வந்த ஆள்போல் நேராக உட்கார்ந்திருந்தார். குழு கதவோரம் இருந்தது. நடுவில் முந்நூறு பேர்.

எலும்பு பங்கு வைக்கும் நேரம் வந்தது. எங்களில் யாருக்கு எந்த எலும்பு என்பதில் தப்பு நடந்தால் மூன்று தலைமுறை பேசமாட்டார்கள். இடுப்பெலும்பு, அதாவது இருப்பதிலேயே பெரிய மரியாதை, கல்முர்சாவின் முன்னால் வந்தது. அதைத் தின்று முடித்து, பெரியவர்கள் கையேந்தி ஆசி சொல்லும்வரை அந்த வரிசையில் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

ஜுமாதில் வாசித்துக்கொண்டிருந்தார். சத்தம் கூடுதலா குறைவா என்று தெரியவில்லை. பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினார். அங்கே சுவர் இருந்தது. இன்னொரு பாட்டு வாசித்தார், மறுபடி திரும்பினார். மூன்றாவது பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டு, புருல்சாவின் மைக்கை வாங்கினார்.

"கல்முர்சா சம்பந்தி, கொஞ்சம் இங்க வாங்க. பெட்டி மக்கர் பண்ணுது."

கல்முர்சா எழுந்தார். பெரியவர்களில் ஒருவர் அவர் அங்கியின் நுனியைப் பிடித்தார். அதை மெல்ல விடுவித்துக்கொண்டு, முந்நூறு பேருக்கு நடுவில் அவர் நடந்து வந்தார். முழங்கால் வலி இருந்ததாகத் தெரியவில்லை. குனிந்து பெட்டியின் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

"ஒண்ணும் ஆகல."

"பின்ன?"

"நீ அங்க உக்காந்திருக்க. எனக்கு வாசிக்க வரல. அவ்வளவுதான்."

கல்முர்சா மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பிறகு, "சத்தம் பத்தலடா" என்றார். "மூணு பாட்டா சொல்லலாம்னு பாக்கறேன், நடுவுல பித்தப்பை." பெட்டியின் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். பெட்டிக்கு இடது பக்கம் போய்க் கைகட்டி நின்றுகொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அனார்கான் எழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவள் நேராகப் பெரியவர்கள் வரிசைக்குப் போனாள். கல்முர்சா விட்டுவந்த தட்டை, அந்த இடுப்பெலும்போடு, இரண்டு கையாலும் எடுத்தாள். மண்டபத்தின் இந்தக் கோடி வரைக்கும் கொண்டு வந்தாள். ஜுமாதில் தலையைக் குனிந்துகொண்டார். புருல்சா ஓரடி பின்னால் போனாள்.

தட்டை வைக்க அனார்கான் இடம் தேடினாள். கதவோரத்தில் மேசை இல்லை. ஆறரை கிலோப் புதுப் பெட்டியின் தலையில் தட்டை வைத்தாள். ஓரத்திலிருந்து கொழுப்பு ஒரு சொட்டு புதுத் துணியில் இறங்கியது. ஜுமாதில் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் தந்தியை முறுக்கினார்.

"ஆறிடும் சம்பந்தி" என்றாள் அவள். "இங்கயே நின்னு சாப்பிடுங்க."